அம்புக்குறி இல்லாத கோடுகள்

தீ எச்சரிக்கை மணி அடித்தபோது நாங்கள் எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடினோம். எங்கள் ஆபீஸ் அட்மின் மட்டும் தன் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜி.எம்.முக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பிரிண்டிங் ஹாலில் ஏதோ மை டப்பா பற்றிக்கொண்டு, புகை நடைபாதை வரை வந்துவிட்டது. நான் திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறுங்கோ தம்பி. மேலை கேக்காமல் ஒஃபிஸைத் திறந்துபோட்டு எப்பிடிப் போறது?"

ஜி.எம். போனை எடுக்கவில்லை. நான் இழுத்துக்கொண்டுதான் போனேன். வெளியே வெயிலில் நின்று இருமியபடியே மறுபடியும் நம்பரை அழுத்தினார். இந்த முறை, கேட்காமல் வெளியே வந்துவிட்டதைச் சொல்வதற்காக.

வளைகுடாவில், அல் கூஸ் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி. கடைகளுக்குப் போர்டு, கண்காட்சிகளுக்குப் பேனல், உள்ளே விளக்கு வைத்த எழுத்துகள், இதெல்லாம் செய்கிற இடம். நான் அங்கே டிசைனர். விசா, லீவு, பாஸ்போர்ட் எல்லாம் அட்மின் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். எந்தக் கோடையிலும் முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் உட்பட எல்லாப் பொத்தானும் போட்டிருப்பார். சட்டைப் பையில் ஒரு சாவி. பழுப்பு நூலில் கோத்து, நூலின் மறுமுனையைப் பொத்தான் ஓட்டையில் கட்டி வைத்திருப்பார். மெல்லிய துணி என்பதால் சாவியின் உருவம் வெளியே தெரியும். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் இருந்த இரும்பு அலமாரியின் சாவி அது. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எங்களுக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். 'பாதுகாப்புக்காக' என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவருடைய பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில்தான், எங்களுடையதோடு சேர்ந்து கிடந்தது.

அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "மேலை கேக்கோணும் தம்பி."

ஏ.சி. ரிமோட் அவர் மேசையில்தான் இருக்கும். குளிர் எலும்பைக் கடிக்கும். முதலாளியின் மகன் எப்போதோ ஒரு நாள் வந்து பதினெட்டில் வைத்துவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு அதை யாரும் தொடக் கூடாது. ஊரில் ரயில் பயணத்துக்குப் போடுகிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரே உட்கார்ந்திருப்பார். ஜி.எம். பிறந்தநாளுக்கு ஒரு முறை கேக் வாங்கினோம். அன்று ஜி.எம். அபுதாபியில் மாட்டிக்கொண்டார். வெட்டிவிடலாம் அண்ணே என்று எல்லோரும் கெஞ்சினோம். கேக்கை ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டினார். ஜி.எம். அடுத்த வாரம்தான் வந்தார். கேக்கைக் குப்பைத் தொட்டியில் போடுவதற்கும் அவரிடம் அனுமதி வாங்கினார் இந்த மனிதர்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அவரைப் பிடிக்கவும் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். யார் விசா எப்போது முடிகிறது என்பது அவர் விரல் நுனியில் இருக்கும், இரண்டு மாதம் முன்னதாகவே வந்து காதில் போடுவார். ஊருக்குப் போய் வந்தால் பருத்தித்துறை வடை ஒரு பெரிய டின் நிறைய வரும். எனக்குக் காய்ச்சல் வந்து கராமாவில் அறையில் கிடந்தபோது, வேலை முடிந்து மெட்ரோ பிடித்து, ரசம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ஃபிளாட்டைக் குத்தகைக்கு எடுத்து எங்களுக்குக் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விட்டவர் ஒரு திருச்சூர்க்காரர். அவர் டியூட்டியிலிருந்து திரும்பவில்லை. ஃபிளாட்டுக்குப் பொறுப்பானவர் சொல்லாமல் உள்ளே வர மாட்டேன் என்று இவர் நடைபாதையிலேயே நின்றார். திருச்சூர்க்காரர் வந்து, "என்ன சேட்டா, கேறி வா" என்ற பிறகுதான் செருப்பைக் கழற்றினார். அதற்குள் ரசம் ஆறிப்போயிருந்தது. அந்த ரசத்தை நான் குடித்தேன். நன்றாகவும் இருந்தது.

ஏன் இப்படி என்று ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது நேராகவே கேட்டேன். வாயில் வைத்த சோற்றை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"சண்டைக் காலத்திலை நான் அரசாங்கக் கச்சேரியிலை கிளார்க்கா இருந்தனான் தம்பி. இங்கால இருந்து அங்கால போறதுக்குச் சனத்துக்குப் பாஸ் வேணும். ஒருக்கா மேலை கேக்காமல் ஒராளுக்கு நானே எழுதிக் குடுத்தனான். அந்தாள் அழுதவர், பாவமாக் கிடந்தது. குடுத்தனான்."

"அப்புறம்?"

"அந்தாள் போய்ச் சேரேல்லை."

டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கம்பெனியில் யாருக்கு மேல் யார் என்று அவரே கட்டம் போட்டு, என்னிடம் கொடுத்து அழகாக வரைந்து வாங்கியது. அடியில் ஹெல்பர், அதற்கு மேல் இன்ஸ்டாலர், சூப்பர்வைசர், அட்மின், ஜி.எம்., முதலாளி. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் விசாவுக்குப் பொறுப்பான உள்ளூர்க்காரர், நாங்கள் யாரும் கண்ணால் கண்டிராத கஃபீல். ஒவ்வொரு கோட்டிலும் கீழ்நோக்கி ஓர் அம்பு. புதிதாக வேலைக்குச் சேருகிறவனை முதல் நாள் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "நீங்கள் நிக்கிற இடம் இது" என்று விரல் வைத்துக் காட்டுவார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் கண்காட்சி வைக்க வந்த ஓர் அம்மாவின் வேலை போய்ச் சேர்ந்தது.

சில வருடங்களுக்கு முன்பு வரை எங்கள் கடைக்கு அப்படி ஒரு வேலை வந்திருக்காது. காலம் மாறி, இந்த நாட்டுக்கும் யூதர்களின் நாட்டுக்கும் இடையே விமானம் விட்டு, ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு வந்தவர் அவர். யூதப் பெண்மணி. குட்டையாக வெட்டிய நரைமுடி. அவருடைய தாத்தா பாஸ்ராவில் வியாபாரம் செய்தவராம், அதனால் எங்கள் டிரைவரிடம் அரபியிலேயே பேசுவார், டிரைவர் வாயைப் பிளப்பான். ஜுமைராவில் ஒரு வில்லாவை வாடகைக்கு எடுத்துச் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார். பழைய தோல்சுருள்களில் வரைந்த படங்களைப் பெரிதாக்கி, பின்னால் விளக்கு வைத்துச் சுவர் முழுக்க நிறுத்த வேண்டும். கோப்புகளை மின்னஞ்சலில் முதலில் அனுப்பிவிட்டார். வேலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அட்மினுக்கு.

அவர் என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழாகப் பத்து வட்டங்கள். வட்டத்தை வட்டத்தோடு சேர்க்கிற கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கோட்டின் மேலும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள்.

"இது அவையின்ரை கம்பனி சார்ட்தானே தம்பி?" என்றார்.

எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. அடுத்த கோப்பில் வட்டத்துக்குள் வட்டம், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி. இன்னொன்றில் வேர் மேலேயும் கிளை கீழேயுமாக ஒரு மரம். அதையெல்லாம் அவர் டிசைன் வேலை என்று ஒதுக்கிவிட்டார். முதல் படத்தில்தான் அவர் மனம் நின்றது. மாட்டுகிறவன் தலைகீழாக மாட்டிவிடுவான் என்று கவலைப்பட்டார். எது மேல், எது கீழ் என்று தெரிய எல்லாக் கோட்டிலும் கீழ்நோக்கி அம்பு போடச் சொன்னார். போட்டேன். மாதிரி பிரிண்ட் எடுத்தோம். அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், முதல் வட்டத்துக்கு மேலே வெறும் இடமாகக் கிடக்கிறதே என்றார்.

"உச்சியிலை ஆள் இல்லாமல் எப்பிடித் தம்பி? ஒரு வட்டத்தைப் போடுங்கோ. பேரை அவை சொல்லட்டும்."

அதையும் போட்டேன்.

அந்த அம்மா வந்து மாதிரியைப் பார்த்தார். பிறகு சிரித்தார், கோபமில்லாத சிரிப்பு. உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கினார். அவருடைய ஆங்கிலம் நிதானமானது, எனக்கே முழுக்கப் புரிந்தது.

இது கம்பெனி சார்ட் இல்லை. கடவுளைப் பற்றியது. கடவுளை உருவமாக வரைய அவர்களுக்கு அனுமதியில்லை. ஆனால் கண்ணுக்கு எட்டாத ஒன்று எப்படி இந்த உலகம் வரைக்கும் வந்து சேர்கிறது என்று அவர்களுடைய ஞானிகள் நூற்றாண்டுக் கணக்கில் யோசித்திருக்கிறார்கள். யோசித்ததை வட்டமும் கோடுமாக வரைந்து வைத்தார்கள். மாணவர்கள் அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்து நகர்த்திப் படிப்பார்களாம். உச்சியில் இருக்கும் வட்டத்தின் பெயர் மகுடம். அடியில் இருப்பது அரசு. நடுவில் கருணைக்கு ஒரு வட்டம், கண்டிப்புக்கு ஒரு வட்டம், இப்படி.

"மகுடத்துக்கு மேலே?" என்றார் இவர்.

"அங்கேதான் முடிவில்லாதது இருக்கிறது. அதற்கு வட்டம் கிடையாது. பெயர் வைத்து வட்டம் போட்டால் அதற்கு ஒரு முடிவு வந்துவிடும். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்."

இவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த அம்மா அடியில் இருந்த வட்டத்தின் மேல் விரல் வைத்தார். "இதற்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. மேலே இருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்."

"எங்களை மாதிரி" என்றேன் நான். அந்த அம்மா தலையாட்டினார்.

"ஆனால் அம்புக்குறியை எடுத்துவிடுங்கள். இந்தக் கோடுகள் இரண்டு பக்கமும் போகும். கீழே இருக்கிறது முதலில் அசைய வேண்டும். அது கேட்டால்தான் மேலே இருக்கிறவை அசையும். கீழே ஒருவன் ஒரு நல்ல காரியம் செய்தால் உச்சி வரைக்கும் அது போய்த் தட்டும் என்று எழுதியிருக்கிறார்கள்."

இவர் விடவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு படத்தைக் காட்டி, அதில் கோடுகள் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். எந்த வட்டத்திலிருந்து எந்த வட்டத்துக்குக் கோடு போக வேண்டும் என்பதில் ஞானிகளுக்குள்ளேயே சண்டை, இன்றைக்கும் தீரவில்லை என்றார் அந்த அம்மா.

"அப்ப இதுக்கு அப்ரூவல் குடுத்தது ஆர், மேடம்?" என்று ஆங்கிலத்தில், மெய்யான சந்தேகத்தோடு கேட்டார் இவர். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான் சிரித்தேன். அந்த ஒரு மாதத்தில் நான் சிரித்தது அதோடு முடிந்தது.

அம்பை எடுத்து, உச்சி வட்டத்தை அழித்துப் புதிதாக அச்சடித்தோம். தப்பாகப் போன அந்த முதல் பிரிண்டை அட்மின் வீணாக்கவில்லை. தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டார். "இதுதான் வடிவா விளங்குது" என்றார்.

பேனல்களை வில்லாவில் நிறுத்துகிற வேலை முருகேசனுடையது. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பையன், இன்ஸ்டாலர். உள்விளக்கு வயரிங்கும் கண்ணாடி நிறுத்துவதும் அவனைப் போல யாருக்கும் வராது. கண்காட்சி திறக்க இரண்டு நாள் இருந்தபோது, காலையில் சைட்டுக்குப் போகிற வண்டியில் ஏறாமல் நேராக ஆபீசுக்கு வந்துவிட்டான். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம்ண்ணே. மதுர ஆசுபத்திரியில கைய விரிச்சுட்டாங்களாம். இன்னைக்கோ நாளைக்கோங்கிறாங்க. நான்தான் மூத்தவன். மத்தியானம் மதுரைக்கு பிளைட் இருக்கு. பாஸ்போட்டக் குடுத்தீகன்னா போயிருவேன்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். உண்மையாகவே துடித்தார், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். முருகேசனை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார். "ஐயோ தம்பி, ஐயோ தம்பி" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

"மேலை கேக்கிறன்."

ஜி.எம். ஜெர்மனிக்குப் போகிற விமானத்தில் இருந்தார். போன் அணைந்திருந்தது. வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினார், ஒற்றை டிக்கோடு நின்றது. முதலாளியின் செகரட்டரியைக் கூப்பிட்டார். சார் மீட்டிங்கில் இருக்கிறார், சொல்கிறேன் என்றாள் அவள்.

"கேட்டிருக்கிறன் தம்பி. பதில் வந்த உடனை குடுக்கிறன். நீங்கள் சைட்டுக்குப் போய் நில்லுங்கோ, நானே கோல் எடுக்கிறன்."

"அண்ணே, சாவி உங்க பையிலதான இருக்கு?" என்றேன் நான்.

"சாவி என்னட்டை இருக்குது. சொல் என்னட்டை இல்லையே தம்பி."

முருகேசன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். சட்டைப் பையில் தெரிந்த சாவியைப் பார்த்தான். போய் வண்டி ஏறினான். நானும் கூடப் போனேன், அவனைத் தனியாக விட மனம் இல்லை.

அன்றைக்குப் பகல் முழுக்க அவன் அந்த வட்டங்களைச் சுவரில் நிறுத்தினான். ஏணியில் ஏறுவான், ஸ்க்ரூவை முறுக்குவான், இறங்கிப் போனைப் பார்ப்பான். மதுரை விமானம் கிளம்புகிற நேரம் நெருங்கியது. அந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார். சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என் போனிலிருந்தே ஆபீசுக்குப் பேசினார். வேலை முடியாவிட்டாலும் பரவாயில்லை, கண்காட்சியைத் தள்ளி வைக்கிறேன், அந்தப் பையனை அனுப்புங்கள் என்றார். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அட்மின் லைனில்தான் இருந்தார்.

"தம்பி, அவ நல்ல மனுசி. ஆனால் அவ எங்கடை லைனிலை இல்லையே."

வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். கெட்ட வார்த்தையும் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை, முழுக்கக் கேட்டுக்கொண்டார். "கோவிக்காதேங்கோ, நான் திரும்பவும் எடுத்துப் பாக்கிறன்" என்றார்.

சாயங்காலம் ஜி.எம். பிராங்பர்ட்டில் இறங்கிப் போனைப் போட்டார். அவர் சொன்ன பதிலை ஸ்பீக்கரில் ஆபீஸே கேட்டதாம். இதற்கெல்லாமா என்னைக் கேட்பது, உடனே கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே, உனக்கென்று ஒரு மூளை கிடையாதா என்று கத்தியிருக்கிறார். அலமாரி திறந்தது. பாஸ்போர்ட்டோடு இவரே டாக்ஸி பிடித்து வில்லாவுக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்க வாசலில் நின்று, "மேலை ஓம் எண்டிட்டினம் தம்பி" என்றார். நல்ல சேதி கொண்டு வந்தவரைப் போல. அதற்குச் சற்று முன்னால்தான் முருகேசனுக்கு ஊரிலிருந்து போன் வந்திருந்தது. கடைசிப் பேனலுக்கு விளக்கு போட்டுவிட்டு, அதன் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான்.

வெயில் காலம். உடலை வைத்திருக்க முடியாது என்றுவிட்டார்கள். மறுநாள் அவன் போர்டிங் வரிசையில் நின்றுகொண்டு, சித்தப்பா மகன் கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்தான். பின்னால் நின்ற ஆள் வரிசை நகர்கிறது என்று முதுகில் தட்டியதாகப் பிறகு என்னிடம் சொன்னான்.

அதற்குப் பிறகு நான் அந்த மனிதரோடு பேசவில்லை. மேசைக்கு வடை வந்தால் அப்படியே திருப்பி வைத்தேன். அவருக்கும் ஒரு நாள் இதே மாதிரி வர வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வேண்டுமென்றேதான் சொன்னேன், பல தடவை சொன்னேன். முருகேசன் ஊரிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, முதல் நாளே அவருக்கு வணக்கம் வைத்தான். எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது.

வந்தது. நான் மனதுக்குள் சொன்னபடியே அவருக்கும் வந்தது.

ஜி.எம். வேலையை விட்டுப் போய்விட்டார். புதிய ஜி.எம். இன்னும் வந்து சேரவில்லை. முதலாளி வைத்தியத்துக்கு லண்டன் போயிருந்தார், போனை யாரும் எடுப்பதில்லை. அந்த நாட்களில் கம்பெனியில் அவருக்கு மேலே யாருமே இல்லை. அப்போதுதான் சாவகச்சேரியிலிருந்து செய்தி வந்தது. மனைவிக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறார்.

அவர் போட்ட போன்கள் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. லண்டன் நம்பர், செகரட்டரியின் நம்பர், கணக்குப் பார்க்கிற வெளி ஆடிட்டர். ஆடிட்டர் கூட, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வைத்துவிட்டார். நான் எழுந்து போனேன். மாதக் கணக்கில் பேசாமல் இருந்தவன் பேசினேன்.

"அண்ணே, உங்க சாவி. உங்க பாஸ்போர்ட். திறந்து எடுத்துக்கிட்டுப் போங்க. கொழும்பு பிளைட் ராத்திரிக்கும் இருக்கு. நான் டிக்கெட் போடுறேன்."

"ஆரிட்டைக் கேக்கிறது தம்பி? மேலை ஒருத்தரும் இல்லையே."

"யாரும் இல்லைன்னா கேக்க வேண்டாம்ல? போன தடவ ஜி.எம். என்ன சொன்னாரு? கொடுத்து அனுப்ப வேண்டியதுதானேன்னு சொன்னாரா இல்லையா?"

"அது முருகேசன்ரை விசயத்துக்குச் சொன்னது."

கை சட்டைப் பைக்குப் போனது. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நூல் பொத்தானில் கட்டியே இருந்தது. அலமாரியைத் திறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மனைவி போய்விட்டார். அதற்கு அடுத்த நாள் மச்சான் போனைப் பிடித்துக் காட்ட, ஆபீசில் நின்றுகொண்டே பார்த்தார். ஷூவைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் காலோடு கை கூப்பிக்கொண்டு நின்றார். பக்கத்தில் முருகேசன் நின்று, அவர் விழுந்துவிடாதபடி முழங்கையைப் பிடித்திருந்தான். இதைத்தான் நான் வேண்டிக்கொண்டேன். எனக்குத் துளி சந்தோஷம் வரவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். எங்களை அடைத்து வைத்த கதவுக்குள்தான் அவரும் இருந்தார், சாவியைப் பையில் வைத்துக்கொண்டு. அது எனக்கு இன்னும் அதிகமாகக் கோபத்தைத்தான் கொடுத்தது. இப்போதும் அந்தக் கோபம் குறையவில்லை.

புதிய ஜி.எம். வந்தார். இளவயதுக்காரர், கதவைச் சாத்தாமல் வேலை பார்க்கிறவர். அவர் அறை அட்மின் மேசைக்கு எதிரிலேயே இருந்தது. முருகேசனின் அப்பா போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. தலைத் திவசத்துக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று அவன் வந்து நின்றான்.

"கொள்ளி வைக்கத்தான் குடுத்து வைக்கல. இதுக்காவது போயிட்டு வந்துர்றேண்ணே. பத்து நாள் லீவு போதும்."

ஆபீசில் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. அவரும் இழந்துவிட்டார், இனி மாறியிருப்பார் என்று எல்லோருமே நினைத்திருக்க வேண்டும். அவர் முருகேசனை ஏறிட்டுப் பார்த்தார். கண் கலங்கியது.

"மேலை கேக்கோணும் தம்பி" என்றார்.

"கேளுங்கண்ணே."

எழுந்தார். கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு ஜி.எம். அறை வாசலுக்குப் போய் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் அவருடைய காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றோம். முருகேசன் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான்.

"இதுல அம்பு இருக்கேண்ணே. அந்தம்மா எடுக்கச் சொல்லுச்சுல்ல? நான் மாட்டுனதுல இல்லையே."

"இது தப்பாப் போன பிரிண்ட்" என்றேன்.

ஜி.எம். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "லீவு விஷயமெல்லாம் என்னிடம் கொண்டு வராதீர்கள். நீங்கள்தானே அட்மின். நீங்களே முடிவு செய்யுங்கள். இனிமேல் எப்போதும் அப்படித்தான்."

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தது போல இருந்தது. ஜி.எம். கீபோர்டில் தட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கை பைக்குப் போய், துணிக்கு மேலேயே சாவியைத் தொட்டுப் பார்த்தது. தலைக்குப் பின்னால் அம்புகள் எல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

"அவர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி" என்றார், முருகேசன் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்குத் திரும்பவும் கேட்டுப் பாப்பம்."

முருகேசன் திறந்திருந்த கதவைப் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

"சரிண்ணே, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனான்.